பேரிலேயே பதில் இருந்தது

முதல்ல ஒரு மார்க் கேள்வி ஒண்ணு. சமநிலையில் இருக்கும் ஒரு வினையில் கேட்டலிஸ்ட் சேர்த்தால் என்ன ஆகும்? அ) வலப்பக்கம் நகரும் ஆ) இடப்பக்கம் நகரும் இ) எந்தப் பக்கமும் நகராது ஈ) வினை நின்றுவிடும்.

இதைப் படிக்கிற எல்லாரும் 'இ'ன்னு மனசுக்குள்ள டிக் அடிச்சிருப்பீங்க. நானும் அடிச்சவன்தான். பிளஸ் ஒன்ல ஒரு தடவை, கோச்சிங் கிளாஸ்ல ஒரு தடவை, ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி இன்டர்னல்ல ஒரு தடவை, மூணாவது வருஷம் ரியாக்‌ஷன் இன்ஜினியரிங் பேப்பர்ல ஒரு தடவை. நாலு தடவையும் மார்க் வந்தது. அஞ்சாவது தடவை இதே கேள்வி ஒரு கோர் கம்பெனி இன்டர்வியூல வந்தது. அங்கே நடந்ததுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

"கேட்டலிஸ்ட் ஈக்விலிபிரியத்தை மாத்துமா?"

"மாத்தாது சார்."

"குட். அப்போ அம்மோனியா பிளான்ட்ல எதுக்கு அயர்ன் கேட்டலிஸ்ட்?"

"ஈல்டு அதிகமாக்க சார்."

அவர் பேனாவைக் கீழே வெச்சார். "ஈக்விலிபிரியம் மாறாதுன்னு இப்பதான் சொன்னீங்க. அது மாறலைன்னா ஈல்டு எப்படிப்பா ஏறும்?"

ஏசி ரூம்ல எனக்கு வேர்த்தது. ரெண்டு பதிலும் புத்தகத்துல இருக்கிற பதில்தான். ரெண்டையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணியிருந்தேன். பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதுன்னு அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தோணினதே இல்லை. நாலு வருஷம் கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சிருக்கேன். வேலை கிடைக்கல. அதைப் பத்திப் புலம்ப வரல. தப்பு என்னோடதுதான், அவர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி.

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. இது என் ஒருத்தனோட தப்பா மட்டும் இருந்தா எழுதியிருக்க மாட்டேன். ஹாஸ்டலுக்கு வந்து எங்க பேட்ச்ல பதினோரு பேர்கிட்ட அதே ரெண்டு கேள்வியையும் கேட்டேன். ஒன்பது பேர் நான் சொன்ன அதே ரெண்டு பதிலைச் சொன்னாங்க.

பதில் சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தன் என் ரூம்மேட். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். அவன் சிரிச்சுட்டே சொன்னான்: "டேய், நாங்க கேட்டலிஸ்ட்டை வினைவேகமாற்றின்னு படிச்சோம்டா. வினையோட வேகத்தை மாத்துறது. பேர்லயே வேகம்னு இருக்கு. சமநிலைமாற்றின்னு எவனும் பேர் வைக்கலையே."

நான் எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். எனக்குக் கேட்டலிஸ்ட்ங்கிறது வெறும் சத்தம். உள்ளே திறந்து பார்க்க எதுவும் இல்லாத ஒரு டப்பா.

அப்பா கேட்ட கேள்வி

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். மன்னார்குடி பக்கம். அப்பா சம்பாவுக்கு ரெண்டாவது மேலுரம் போடறதுக்காக யூரியா மூட்டையை இறக்கிட்டு இருந்தார். 45 கிலோ மூட்டை. அதில் 46 சதவீதம் நைட்ரஜன். அந்த நைட்ரஜன் காத்துல இருந்து வந்தது, அதைப் பிடிச்சு அம்மோனியா ஆக்கின பிறகுதான் யூரியாவே செய்ய முடியும்னு சும்மா பேச்சுக் கொடுத்தேன். இன்டர்வியூ என்னாச்சுன்னு கேட்டார். சொன்னேன். "என்னதான்டா கேட்டாங்க?"ன்னார்.

அப்போ தமிழ்ல விளக்க வேண்டிய கட்டாயம். நாலு வருஷத்துல முதல் தடவை.

"அப்பா, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தா அம்மோனியா வரும். ஆனா வந்த அம்மோனியா திரும்ப உடைஞ்சு பழையபடி நைட்ரஜன், ஹைட்ரஜனாவும் ஆகும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும். சேர்ற வேகமும் உடையற வேகமும் ஒண்ணான உடனே, அதுக்கு மேல அம்மோனியா கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அதுதான் சமநிலை. நடுவுல இரும்பைப் போட்டா அந்த இடத்துக்குச் சீக்கிரம் போயிடும். ஆனா அந்த இடம் மாறாது."

அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். "ரெண்டு குட்டைக்கு நடுவுல வாய்க்காலு தூர் வாருன மாதிரியாடா? தண்ணி வெரசாப் போவும். ஆனா ரெண்டு குட்டையும் ஒரே மட்டத்துக்கு வந்துட்டா நின்னுரும். வாய்க்கால வாரிட்டோம்கிறதுக்காக ஒரு குட்டையில மட்டும் தண்ணி மேல ஏறிடாது."

"அதேதான்ப்பா."

"அப்பறம் எதுக்கு இரும்பு?"

இன்டர்வியூல கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை பயம் இல்லாததால யோசிக்க முடிஞ்சது. அன்னிக்கு ராத்திரி திண்ணையில உட்கார்ந்து பழைய நோட்ஸை எல்லாம் போன்ல திறந்து வெச்சு, ஒவ்வொண்ணா கோத்துப் பார்த்தேன். அதைத்தான் கீழே எழுதுறேன்.

ஏன் மாறாது?

ஒரு வினை நடக்கணும்னா நடுவுல ஒரு மேட்டைத் தாண்டணும். அதுதான் ஆக்டிவேஷன் எனர்ஜி. கேட்டலிஸ்ட் அந்த மேட்டைச் சுத்திக் குறைஞ்ச உயரத்துல வேற ஒரு வழி போட்டுக் கொடுக்குது. நாம மறக்கிற விஷயம் என்னன்னா, அந்த வழி ஒருவழிப் பாதை கிடையாது. போறவங்களுக்கு எவ்வளவு உயரம் குறையுதோ, திரும்பி வர்றவங்களுக்கும் அதே உயரம் குறையும். முன்னோக்கிய வேகம் ஆயிரம் மடங்கு ஏறினா, பின்னோக்கிய வேகமும் ஆயிரம் மடங்கு ஏறும். சமநிலை மாறிலிங்கிறது இந்த ரெண்டு வேக மாறிலிகளோட விகிதம். மேலயும் கீழயும் ஒரே எண்ணால பெருக்கினா விகிதம் அப்படியேதான் இருக்கும்.

"அது எப்படி சொல்லி வெச்ச மாதிரி ரெண்டுக்கும் சமமா குறையும்? ஒரு பக்கத்துக்கு மட்டும் உதவுற கேட்டலிஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியாதா?"ன்னு கேட்டா, மெக்கானிக்கல் பசங்க தெர்மோடைனமிக்ஸ் நோட்டை எடுங்க.

ஒரு சிலிண்டர், மேல பிஸ்டன். உள்ளே நைட்ரஜன், ஹைட்ரஜன், அம்மோனியா மூணும் சமநிலையில் இருக்கு. வெளியே ஒரே வெப்பநிலை. உள்ளே ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவில் அந்த அதிசயக் கேட்டலிஸ்ட். மூடியைத் திறக்குறோம். சமநிலை அம்மோனியா பக்கம் நகருது. 4 மூலக்கூறு சேர்ந்து 2 ஆகுது, அதனால வாயுவோட கன அளவு குறையுது, பிஸ்டன் கீழே இறங்குது. மூடியை மூடுறோம். வினை பழைய சமநிலைக்குத் திரும்புது, பிஸ்டன் மேல ஏறுது. திற, மூடு, திற, மூடு. பிஸ்டனை ஒரு சக்கரத்தோட இணைச்சா பெட்ரோல் இல்லாம, கரன்ட் இல்லாம, சுத்தியிருக்கிற காத்தோட சூட்டை மட்டும் எடுத்துக்கிட்டு எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும். தெர்மோடைனமிக்ஸ் இரண்டாம் விதி இதைத்தான் முடியாதுன்னு சொல்லுது. ஒரு பக்கத்துக்கு மட்டும் உதவுற கேட்டலிஸ்ட் இருந்தா அந்த விதியே உடைஞ்சு போகும்.

ஆக, 'இ'ங்கிற அந்த ஒரு மார்க் பதிலுக்குப் பின்னாடி இரண்டாம் விதி நிக்குது. எந்த டீச்சரும் எனக்கு இதைச் சொல்லல. நானும் கேட்கல.

அப்புறம் எதுக்கு இரும்பு?

இப்போ அப்பாவோட கேள்வி. கொஞ்சம் எண்களைப் பார்ப்போம். நைட்ரஜன் ஒரு பங்கு, ஹைட்ரஜன் மூணு பங்கு கலந்து, 100 அட்மாஸ்பியர் அழுத்தத்துல, சமநிலை வர்ற வரைக்கும் விட்டா கலவையில அம்மோனியா எவ்வளவு இருக்கும்? 300 டிகிரியில சுமார் 52 சதவீதம். 400 டிகிரியில 25. 500 டிகிரியில 10 சொச்சம். 600 டிகிரியில நாலரைதான்.

சூடு ஏற ஏற அம்மோனியா குறையுது. காரணம், இது வெப்பம் விடுற வினை. லே ஷாட்லியே சொன்னதுதான், நமக்குத் தெரியும். அப்போ சூடே பண்ணாம சாதாரண வெப்பநிலையில விட்டா? கணக்குப்படி கிட்டத்தட்ட முழுசும் அம்மோனியாவா மாறணும். ஆனா நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் ஒரு சிலிண்டர்ல கலந்து மூலையில வெச்சா, நம்ம பேரன் வந்து பார்க்கும்போதும் அப்படியேதான் இருக்கும். நைட்ரஜன்ல ரெண்டு அணுக்களும் மூணு பிணைப்பு போட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கு. அதைப் பிரிக்க ஒரு மோலுக்கு 945 கிலோஜூல் வேணும். அறை வெப்பநிலையில அது நடக்காது.

இங்கதான் சிக்கல். குளிரா வெச்சா நல்ல இடத்துக்குப் போகலாம், ஆனா வண்டி நகராது. சூடாக்கினா வண்டி பறக்கும், ஆனா போய்ச் சேர்ற இடம் மட்டமான இடம். சூடு ஒரே நேரத்துல ரெண்டையும் மாத்துது. கேட்டலிஸ்ட் மட்டும்தான் ஒண்ணை மட்டும் மாத்துது. இடத்தைத் தொடாம வேகத்தை மட்டும் கொடுக்குது. அதனால 900, 1000 டிகிரிக்குப் போகாம 400, 500 டிகிரியிலேயே வேலையை முடிச்சுக்க முடியுது. அந்த வெப்பநிலையில சமநிலை நமக்குக் கொஞ்சம் சாதகமா இருக்கு.

அதாவது, கேட்டலிஸ்ட் சமநிலையை நகர்த்தலை. நல்ல சமநிலை இருக்கிற வெப்பநிலையில நாம வேலை செய்ய முடியற மாதிரி ஆக்குது. இந்த ஒரு வாக்கியம் தெரிஞ்சிருந்தா என் ரெண்டு பதிலுக்கும் சண்டையே வந்திருக்காது.

இன்னொண்ணும் இருக்கு. பிளான்ட்ல யாரும் சமநிலை வர்ற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறதில்லை. வாயு ரியாக்டருக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வரும்போது 15 சதவீதம் மாதிரிதான் மாறும். வெளியே வந்ததைக் குளிர வெச்சா அம்மோனியா திரவமாகிப் பிரிஞ்சிடும். மிச்ச வாயுவைத் திரும்ப உள்ளே அனுப்புவாங்க. அப்பாவுக்கு இதை மோட்டார் வெச்சுச் சொன்னேன். ஒரு குட்டையில மோட்டார் போட்டு எறைச்சுக்கிட்டே இருந்தா ரெண்டு மட்டமும் ஒண்ணாகவே ஆகாது, தண்ணி ஓடி வந்துக்கிட்டே இருக்கும். அப்போ ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி கிடைக்கும்கிறதை வாய்க்காலோட அகலம்தான் முடிவு பண்ணும். "அதுக்குத்தானடா தூர் வாருறோம்"னார் அப்பா. இந்த அர்த்தத்துல பார்த்தா நான் இன்டர்வியூல சொன்ன "ஈல்டு" பாதி சரி. எந்தப் பாதி சரின்னு எனக்கே தெரியாம சொன்னதுதான் பிரச்சினை.

பெரியவங்களும் தடுக்கி விழுந்த இடம்

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லைங்கிறது ஒரு ஆறுதல். 1900-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் சூடான இரும்பு மேல நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் செலுத்தி அம்மோனியா எடுத்துட்டதா பி.ஏ.எஸ்.எஃப் கம்பெனிக்குச் சொன்னார். கேட்டலிஸ்ட்டுக்கு இன்னிக்கு நாம படிக்கிற விளக்கத்தைக் கொடுத்தவரே அவர்தான். கம்பெனியில அதைச் சரிபார்க்கும் வேலை, புதுசா சேர்ந்திருந்த இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசுப் பையன் ஒருத்தனுக்குக் கிடைச்சது. பேர் கார்ல் போஷ். அவன் திரும்பத் திரும்பச் செஞ்சு பார்த்துட்டு, அந்த அம்மோனியா காத்துல இருந்து வரலை, இரும்புலயே முன்னாடி இருந்த நைட்ரஜன் சேர்மத்துல இருந்து வந்ததுன்னு சொல்லிட்டான். ஆஸ்ட்வால்ட் பின்வாங்கினார்.

அப்போ அந்த வினையோட சமநிலை எங்கே இருக்குன்னு யாரும் ஒழுங்கா அளந்திருக்கலை. எல்லை தெரிஞ்சிருந்தா, வந்த அளவை வெச்சே சந்தேகப்பட்டிருக்கலாம். அந்த எல்லையை அளக்க உட்கார்ந்தவர் ஃபிரிட்ஸ் ஹேபர். 1904, 1905 வாக்குல சாதாரண அழுத்தத்துல 1000 டிகிரி பக்கம் அவர் அளந்தப்போ கிடைச்ச அம்மோனியா பத்தாயிரத்துல ஒரு பங்கு மாதிரிதான். அவர் அளந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இரும்பு மேல நைட்ரஜன், ஹைட்ரஜனை விட்டும் பார்த்தார், அம்மோனியாவை விட்டு உடைய வெச்சும் பார்த்தார். ரெண்டு பக்கத்துல இருந்து வந்தாலும் ஒரே இடத்துலதான் நிக்கணும். கேட்டலிஸ்ட் நடுநிலையானதுங்கிற நம்பிக்கையே அந்தச் சோதனைக்கு அஸ்திவாரம். 1907-ல் வால்தர் நெர்ன்ஸ்ட் பொதுச் சபையிலேயே ஹேபரோட எண்கள் தப்புன்னு சொன்னார். ஹேபர் ராபர்ட் லே ரொசிக்னாலோட சேர்ந்து, அழுத்தத்தைக் கூட்டித் திரும்ப அளந்தார்.

அந்த எண்கள்தான் வழி காட்டிச்சு. ஏறக்குறைய 200 அட்மாஸ்பியர் அழுத்தமும், 500, 600 டிகிரியில வேலை செய்யற ஒரு கேட்டலிஸ்ட்டும் இருந்தா தொழிலா செய்யலாம்னு தெரிஞ்சது. 1909 ஜூலையில் ஆஸ்மியம் உலோகத்தை வெச்சு ஹேபர் செஞ்சு காட்டினார். ஆஸ்மியம் உலகத்துலயே கொஞ்சம்தான் இருந்தது. பி.ஏ.எஸ்.எஃப்-ல் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான பொருட்களை ஒவ்வொண்ணா சோதிச்சுப் பார்த்தார். கடைசியில ஸ்வீடன்ல தோண்டின ஒரு மேக்னடைட் இரும்புத் தாது நல்லா வேலை செஞ்சது. சுத்தமான இரும்பு அந்த அளவுக்குச் செய்யலை. தாதுல கலந்திருந்த மத்த பொருட்கள்தான் உதவுதுன்னு புரிஞ்சுக்கிட்டு, அலுமினியம் ஆக்சைடும் பொட்டாசியமும் சேர்த்துத் தயாரிச்சாங்க. 1913-ல் ஓப்பாவ் ஊரில் முதல் பிளான்ட் ஓடியது. தூத்துக்குடியிலயும் மணலியிலயும் யூரியா பிளான்ட் இருக்கு. எங்க அப்பா தோள்ல தூக்கின மூட்டைக்கு அஸ்திவாரம் இதே வினைதான்.

யோசிச்சுப் பாருங்க. அத்தனை ஆயிரம் சோதனையில எந்தக் கேட்டலிஸ்ட்டும் சமநிலையை ஒரு துளி நகர்த்தலை. நகர்த்தும்னு யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாதுன்னு தெளிவா தெரிஞ்சதாலதான் எதைத் தேடணும்னு தெரிஞ்சது. 1909-ல் ஆஸ்ட்வால்ட்டுக்கு நோபல் பரிசு கொடுத்தப்போ காரணமா சொன்னது கேட்டலிசிஸ், வேதிச் சமநிலை, வினைவேகம் பற்றிய ஆய்வுகள். நம்ம சிலபஸ்ல இதை மூணு தனி யூனிட்டா, மூணு தனி இன்டர்னலா பிரிச்சு வெச்சிருக்கோம். ஒண்ணு முடிஞ்சதும் மறந்துட்டு அடுத்ததுக்குப் போறோம்.

நானும் கை தட்டினேன்

"சரி மச்சி, பேட்ச்ல பாதிப் பேர் ஐடிக்குத்தான் போறோம். இது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நானும் இப்போ ஒரு ஐடி ஆஃபர் லெட்டரோடதான் உட்கார்ந்திருக்கேன். அதனால நேர்மையா பதில் சொல்லணும்.

போன வருஷம் வெளியூர்ல ஒரு காலேஜ் சிம்போசியம் போயிருந்தோம். ஒரு டீம் தண்ணியில ஓடுற பைக்னு ப்ராஜெக்ட் கொண்டு வந்திருந்தாங்க. ஒரு கண்ணாடி ஜார், ஸ்டீல் தகடுகள், பைக் பேட்டரியில இருந்து ஒயர். தண்ணியில இருந்து ஹைட்ரஜன் குமிழ் குமிழா வருது, அது எஞ்சினுக்குப் போகுது. "சாதாரண எலக்ட்ராலிசிஸ்ல கரன்ட் அதிகம் ஆகும் சார். நாங்க ஸ்பெஷல் கேட்டலிஸ்ட் போட்டிருக்கோம், அதனால ஆகாது"ன்னாங்க. முதல் பரிசு கொடுத்தாங்க. நானும் கை தட்டினேன். கெமிக்கல் டிபார்ட்மென்ட் மூணாவது வருஷம்.

அந்த ஸ்பெஷல் கேட்டலிஸ்ட் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது கரன்ட் ஓடறதுக்காகப் போடுற எலக்ட்ரோலைட், கேட்டலிஸ்ட்டே கிடையாது. அதை விடுங்க. உண்மையிலேயே உலகத்துல சிறந்த கேட்டலிஸ்ட்டைப் போட்டிருந்தாலும் என்ன ஆகும்? 25 டிகிரியில தண்ணியைப் பிரிக்கக் குறைஞ்சபட்சம் 1.23 வோல்ட் வேணும். நடைமுறையில அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் வோல்ட் வீணாகும். நல்ல கேட்டலிஸ்ட் அந்த வீணாகிறதைக் குறைக்கும். 1.23-க்குக் கீழே ஒரு புள்ளிகூட இறக்காது. அந்த 1.23 போய்ச் சேர்ற இடத்தோட கணக்கு. அதைத் தொட கேட்டலிஸ்ட்டுக்கு உரிமை இல்லை.

18 கிராம் தண்ணியைப் பிரிச்சு, வந்த வாயுவைத் திரும்ப எரிச்சா கிடைக்கிறது 286 கிலோஜூல். பிரிக்கும்போது போட்டதுக்கு மேல ஒரு பைசா திரும்ப வராது. அதுலயும் பைக் எஞ்சின் பெரும்பகுதியைச் சூடா வெளியே விட்டுடும். பேட்டரியை யார் சார்ஜ் பண்ணுறா? எஞ்சின். எஞ்சின் எதுல ஓடுது? பெட்ரோல்ல. அவ்வளவுதான் கதை.

1996-ல் மூலிகையைப் போட்டுத் தண்ணியைப் பெட்ரோல் ஆக்குறதா ஒரு செய்தி வந்து நாடே பரபரப்பானதைப் பத்தி அப்பா இப்பவும் சொல்வார். நாம பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. இப்போ அதே கதை யூடியூப்ல கிட் விலையோட வருது. போன மாசம் சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பி, "நீதான் இன்ஜினியர் ஆச்சே, இதை வாங்கி வண்டியில மாட்டலாமாப்பா?"ன்னு கேட்டார். குடும்பத்துல முதல் இன்ஜினியரா இருக்கிற எல்லாருக்கும் இந்த போன் வரும். நீங்க ஐடியில இருந்தாலும் வரும். அவர் நம்மை நம்பித்தான் காசு போடுவார், இல்லை போடாம விடுவார். 'இ'ன்னு டிக் அடிக்கத் தெரிஞ்சது அப்போ உதவாது. அந்த 'இ'க்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சிருந்தா ரெண்டே வரியில சொல்லிடலாம்: "சித்தப்பா, கேட்டலிஸ்ட் வேகத்தைத்தான் கூட்டும். இல்லாத சக்தியை உண்டாக்காது. வாங்காதீங்க."

என்ன பண்ணலாம்?

டீச்சர்ஸ் மேல எல்லாப் பழியையும் போட மாட்டேன். அறுபது பேர் கிளாஸ், அஞ்சு யூனிட், நடுவுல ரெண்டு இன்டர்னல், ஒரு சிம்போசியம், நாலு லீவு. ஒவ்வொரு வரிக்கும் ஏன்னு கேட்டு நின்னா போர்ஷன் முடியாது. ஒரு மார்க் கேள்வியும் தேவைதான், அடிப்படை வரி ஞாபகம் இருக்கணும் இல்லையா. என் வருத்தம் அந்த வரி அங்கேயே நின்னு போறதுல. 'மாற்றாது'ன்னு முடியற ஒரு வரிக்குப் பக்கத்துல 'அப்புறம் எதுக்கு?'ன்னு இன்னொரு வரி கண்டிப்பா வேணும். ஒரு மார்க்குக்குக் கீழேயே ரெண்டு மார்க்குக்கு அந்தக் கேள்வியைக் கேட்டா போதும். புது சிலபஸ் தேவையில்லை, புது லேப் தேவையில்லை.

ஜூனியர்ஸுக்கு ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, தனித்தனியா படிச்ச ரெண்டு பதிலை ஒரு தடவை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. சண்டை போட்டுச்சுன்னா சந்தோஷப்படுங்க, அங்கதான் பாடம் இருக்கு. இன்டர்வியூ ரூமுக்கு வெளியிலேயே அந்தச் சண்டை நடந்து முடியட்டும்.

இன்னொண்ணு, என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல வந்தவங்களுக்கு. வாரத்துக்கு ஒரு கான்செப்ட்டை வீட்ல யாருக்காவது தமிழ்ல சொல்லிப் பாருங்க. தமிழ்ப்பற்றுக்காகச் சொல்லல. இங்கிலீஷ்ல நமக்குப் பழகின வாக்கியம் ஒண்ணு இருக்கும், அது யோசிக்க விடாம வாயில இருந்து தானா வந்துடும். தமிழ்ல அந்த வசதி இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிஞ்சாத்தான் அடுத்த வார்த்தை வரும். எனக்குப் புரியலைங்கிறதே எங்க அப்பாகிட்ட பேசினப்போதான் எனக்குத் தெரிஞ்சது. உங்க பக்கத்து பெட்ல தமிழ் மீடியத்துல படிச்ச ஃப்ரெண்ட் இருந்தா இன்னும் நல்லது. ஃபர்ஸ்ட் இயர்ல அவங்க இங்கிலீஷுக்குத் தடுமாறும்போது நாம உதவி பண்ணுறதா நினைச்சுக்கிட்டு இருந்தோம். அவங்ககிட்ட இருந்து வாங்கிக்க நமக்கும் நிறைய இருந்தது. நான் கேட்க மூணரை வருஷம் ஆச்சு.

தீபாவளி லீவுக்குப் போனப்போ அப்பா டீக்கடையில யார்கிட்டயோ சொல்லிட்டு இருந்தார்: "யூரியா கம்பெனியில இரும்பு எதுக்குன்னு தெரியுமா? நம்ம வாய்க்கால தூர் வார்ற மாதிரி." நான் வேலையைக் கோட்டை விட்ட கேள்விக்கு அவர் கரெக்டா பதில் சொல்லிட்டு இருந்தார். அந்தக் கேள்வி இனி நம்ம காலேஜ்ல இருந்து போற யாரையும் மடக்கக் கூடாது.